குழாய்க்குள் குழாய்

நம் வீடுகளில் 'அடுக்கு' என்று ஒரு சாமான் உண்டு. கல்யாணச் சீரோடு வந்து பரணில் ஏறிக்கொள்ளும். பித்தளையிலோ எவர்சில்வரிலோ ஐந்து பாத்திரம், ஏழு பாத்திரம்; பெரியதற்குள் அடுத்தது, அதற்குள் அடுத்தது என்று ஒன்றை ஒன்று விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பரணில் இருக்கும்போது ஒரே பாத்திரத்தின் இடந்தான் பிடிக்கும். விசேஷ நாளில் இறக்கிப் பரப்பினால் கூடம் கொள்ளாது.

இதில் ஒன்றே ஒன்று தொலைந்துபோனால்தான் அடுக்கின் அருமை தெரியும். கடைக்குப் போய் அதே உயரம், அதே வாய் என்று பார்த்து வாங்கி வருவோம். வீட்டில் வைத்துப் பார்த்தால் ஒன்று உள்ளே நுழையாது. அல்லது நுழைந்து கடகடவென்று ஆடும். அடுக்குச் செய்கிற கன்னான் பாத்திரத்தை மட்டும் அளந்தால் போதாது. இரண்டு பாத்திரங்களுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளியையும் அளந்தாக வேண்டும். அந்த இடைவெளியைக் காசு கொடுத்து யாரும் வாங்குவதில்லை. ஆனால் அது சரியாக இல்லாவிட்டால் மற்ற எதற்கும் மதிப்பில்லை.

இந்த அடுக்கு விஷயம் குழாய்களுக்கும் பொருந்தும் என்பதை நான் அறிந்துகொண்டது என் அக்காள் மகனால். அக்காள் வீடு குடிகாட்டில் இருக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் தொழிற்சாலை லாரிகள், மறுபக்கம் உப்பனாறு, அதற்கப்பால் கடல். பையன் பத்தாவது படிக்கிறான். பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்கு ஒரு தொலைநோக்கி செய்யவேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை.

கண்ணாடிக்குக் கஷ்டமில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் 'பிளஸ் ஒன்று' பவர் கண்ணாடி ஒன்றை வட்டமாகத் தேய்த்துக் கொடுத்தார்கள். அது வெளிச்சத்தை ஒரு மீட்டர் தள்ளிக் குவிக்கும். கண் வைத்துப் பார்க்கிற பக்கத்துக்குக் கடிகார ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் கண்ணாடி; அது குவிப்பது ஐந்து சென்டிமீட்டரில். நூறை ஐந்தால் வகுத்தால் இருபது. ஆக இருபது மடங்கு பெரிதாகத் தெரியும். கணக்கு இவ்வளவுதான். நான் கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்ததோடு படிப்பை முடித்துக்கொண்டவன், எனக்கே புரிந்துவிட்டது.

சங்கடம் குழாயில்தான் வந்தது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். அதை அப்படியே ஒரே குழாயாக வைத்தால் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. தவிர, தென்னை மரத்தைப் பார்ப்பதற்கும் சந்திரனைப் பார்ப்பதற்கும் கண்ணாடிகளின் தூரம் மாறவேண்டும். ஆகவே மூன்று குழாய், ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி. அட்டையில் செய்தால் கடற்காற்றின் ஈரத்தில் தொய்ந்துவிடுகிறது. "உலோகக் குழாய்தான் வேணும், மாமா" என்றான்.

இதென்ன பிரமாதம், குழாய் விற்காத ஊர் உண்டா என்று அவனை அழைத்துக்கொண்டு கடலூர் பழைய பட்டணத்துக் கடைகளுக்குப் போனேன். அங்கேதான் என் கல்வி ஆரம்பமாயிற்று.

'அரை அங்குலக் குழாய்' என்று நாம் வாங்குகிறோமே, அதில் அரை அங்குலம் என்று எதுவுமே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியுமா? அதன் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர், உள்விட்டம் சுமார் 16. அரை அங்குலம் என்பதோ 12.7 மில்லிமீட்டர். அது வெறும் பெயர். எந்தக் காலத்திலோ எந்தத் தடிமனுக்கோ பொருந்திய அளவு, பெயராக மட்டும் தங்கிவிட்டது. நம் வீடுகளில் தாத்தாவின் பெயரைப் பேரன் சுமப்பது போல.

நடுத்தரக் கனமுள்ள முக்கால் அங்குலக் குழாய்க்குள் அரை அங்குலக் குழாய் கணக்குப்படி 0.4 மில்லிமீட்டர் இடைவெளியோடு நுழையவேண்டும். ஆனால் தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த இடத்தில் உள்ளே ஒரு தழும்பு ஓடுகிறது, அது தடுக்கும். ஒன்றேகால் அங்குலத்துக்குள் ஓரங்குலத்தை விட்டால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்து லொடலொடக்கும். ஒன்றரை அங்குலத்துக்குள் ஒன்றேகால் நுழையவே நுழையாது, உள்விட்டம் 41.9, நுழைய வேண்டியதோ 42.4. அரை மில்லிமீட்டர் வித்தியாசம்! கடைக்காரர் பேரில் குற்றமில்லை. இந்தக் குழாய்களெல்லாம் தண்ணீர் போவதற்கும் முனையில் மரை போட்டு நீட்டுவதற்கும் ஏற்பட்டவை. ஒன்றுக்குள் ஒன்று போகவேண்டும் என்று யாரும் அவற்றைப் படைக்கவில்லை.

வேண்டுமென்றே அப்படிப் படைத்த குழாய்களும் உலகத்தில் உண்டு. பொம்மை விமானம், பொம்மை ரயில் செய்கிறவர்களுக்காக மேல்நாட்டில் பித்தளைக் குழாய் விற்கிறார்கள். ஒவ்வொரு அளவும் முந்தியதைவிட அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு பெரியது. சுவரின் தடிமன் 0.014 அங்குலம். இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து 0.028. அளவின் ஏற்றம் 0.031. மிச்சம் 0.003 அங்குலம், ஒரு தலைமயிரின் கனம். அந்த மயிரிழையை விட்டுவைத்ததனால் எந்தக் குழாயும் அடுத்ததற்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. எங்கள் தேடலில் அது அகப்படவில்லை. பழைய பட்டணத்தில் ஒரு நாள், சிதம்பரத்தில் மேலவீதியும் தெற்கு வீதியுமாக ஒரு நாள் அலைந்தோம். கடைசியில் ஒரு காயலான் கடையில், மூடிப்போன ஏதோ போட்டோ ஸ்டூடியோவின் லைட் ஸ்டாண்டு ஒன்று கால் முறிந்து கிடந்தது. மூன்று அலுமினியக் குழாய்கள். 35, 30, 25 மில்லிமீட்டர். நூற்றைம்பது ரூபாய்க்குப் பேரம் படிந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் அறுபது வயதுக்காரர். குழாய்களை நீட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், வெர்னியரை வைத்து அளந்தார்.

"குழாய்க்குள்ள குழாய விடுறது பெரிய வித்தை இல்ல சார்" என்றார். "வுட்ட குழாய் ஆடக் கூடாது. ஆனா இழுத்தா வரணும். ஆடாம இறுக்கிட்டா வராது. வர்ற மாதிரி வுட்டா ஆடும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் எங்க பொழப்பு."

பையனுக்கு அவர் மேலும் சொல்லிக் கொடுத்தார். வெளிக்குழாயின் வாயில் ஒரு வளையம், உள்குழாயின் வாலில் ஒரு வளையம். இரண்டு இடத்தில் பிடித்தால்தான் நேராக நிற்கும். முழுக்க இழுத்த பிறகும் உள்ளே மிச்சமிருக்கிற பாகம் குழாயின் குறுக்களவைப் போல் இரண்டு மூன்று மடங்காவது இருக்கவேண்டும். குறைந்தால் தலை தொங்கிவிடும். தேய்ந்துபோன பிளாஸ்டிக் வளையங்களை எறிந்துவிட்டுப் பித்தளையில் நான்கு வளையம் கடைந்து கொடுத்தார். நான் கொடுத்த பணத்தில் பாதியை, "புள்ள படிக்கிற சாமானுக்கு இவ்ளோ எதுக்கு?" என்று திருப்பிவிட்டார்.

தொலைநோக்கி தயாராயிற்று. வளர்பிறை எட்டாம் நாள் இரவு, அக்காள் வீட்டு வாசலில் பாதித் தெருவே கூடிவிட்டது. சந்திரனில் வெளிச்சமும் இருளும் சந்திக்கிற ஓரத்தில் குழிகள் அம்மைத் தழும்புபோல் தெரிந்தன. ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். அடுத்த வீட்டு ஆயாவும் வந்தாள். எழுபது வயதுக்கு மேலிருக்கும். மீன் விற்றுப் பிழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவள். வெகுநேரம் பார்த்தாள்.

"அங்க தண்ணி இருக்குதுன்னு கண்டுபிடிச்சாங்களாமே, நெசமா தம்பி?" என்றாள்.

நிஜந்தான் என்றேன். 2008-ஆம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி நாம் அனுப்பிய சந்திரயான், அதிலிருந்த அமெரிக்கக் கருவியின் மூலம் சந்திரனின் மண்ணில் நீரின் சுவடு இருப்பதைக் காட்டிக் கொடுத்தது. மறு வருஷம் உலகத்துக்கு அறிவித்தார்கள் என்று விளக்கினேன்.

"அதுக்கு எத்தினி பணம் ஆச்சு?"

"முந்நூத்தி எண்பத்தாறு கோடி ஆயா" என்று பையன் முந்திக்கொண்டான்.

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கோபமே இல்லாமல், மீன் விலை கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "நம்ம கெணத்துத் தண்ணிய ஒருத்தரு வந்து பாத்துட்டு, குடிக்கலாம், குடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போறதுக்கு எத்தினி ஆவும்?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகாயத்தில் சர்க்கார் பணத்தைச் செலவிடுவதைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சி உண்டு. சோற்றுக்கு வழியில்லாத நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்பது ஒரு கட்சி. அதைக் கேட்பதே தேசத் துரோகம் என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்காரர், பணத்தை ராக்கெட்டில் ஏற்றி மேலே அனுப்பிவிடுகிறார்கள் என்று நினைக்கிறார். இரண்டாம் கட்சிக்காரர், ராக்கெட் மேலே போனதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார். இருவருமே பட்டறையைப் பார்க்காதவர்கள்.

பணம் ஒருபோதும் மேலே போகாது. அது பூமியிலேயே, குழாய் செய்கிறவனிடமும் அதை அளக்கிறவனிடமும் இருக்கிறது. நம் தேசத்து ராக்கெட்டின் கதையே குழாயின் கதைதான். எங்கள் பக்கத்திலேயே பரங்கிப்பேட்டை இருக்கிறது. 1781-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி அங்கே ஹைதர் அலி வெள்ளைக்காரரோடு பொருதித் தோற்றார். அந்த ஹைதரின் சேனையிலும், பிறகு திப்புவின் சேனையிலும் வாணங்கள் இருந்தன. வாணம் உலகத்துக்குப் புதிதல்ல. ஆனால் மற்ற நாட்டார் காகிதத்திலும் அட்டையிலும் மருந்தை அடைத்தபோது மைசூர்க்காரர்கள் இரும்புக் குழலில் அடைத்தார்கள். இரும்பு அதிக அழுத்தம் தாங்கும். ஆகவே வாணம் வெகுதூரம் பாய்ந்தது. அவற்றைக் கைப்பற்றிக் கொண்டுபோய் ஆராய்ந்துதான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தம்முடைய ராக்கெட்டைச் செய்தார்.

அதே பரங்கிப்பேட்டையில் 1830-இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் ஓர் இரும்புத் தொழிற்சாலை வைத்தார். சேலத்திலிருந்து தாதுக்கல் வந்தது. கம்பெனி சர்க்கார் பெரும் பணத்தை முன்பணமாகக் கொடுத்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தொழிற்சாலை இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பொதுப்பணத்தை எதில் போட்டாலும் பலன் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் அந்த மண்ணையும் ஒருமுறை மிதித்துப் பார்க்கலாம்.

சுதந்திர இந்தியாவில், 1963 நவம்பர் 21-ந் தேதி திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. மீனவர்களின் மாதா கோயிலே ஆபீஸ். ராக்கெட்டின் பாகத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற படம் எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் அந்த ராக்கெட் அமெரிக்காவில் செய்தது. நமக்கென்று நாம் செய்த முதல் ராக்கெட், ரோகிணி, 1967 நவம்பர் 20-ந் தேதிதான் எழும்பியது. அதன் விட்டம் 75 மில்லிமீட்டர். பையனின் தொலைநோக்கிக் குழாயைப் போல் இரண்டு பங்கு, அவ்வளவுதான்! இன்று பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கு 2.8 மீட்டர் விட்டமுள்ளது. ராக்கெட்டுக்கும் நாம் 'அடுக்கு' என்றே சொல்கிறோம் என்பதைக் கவனியுங்கள். அந்த முதல் அடுக்கும் ஒரே குழாயன்று. ஐந்து துண்டுகளை ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் பொருந்தும்படி கோத்தது. ஏறத்தாழ நான்கு வருஷம் காத்திருந்து 75 மில்லிமீட்டர் குழாயைத் தாமே செய்தார்களே, அந்தப் பொறுமைக்குக் கொடுத்த பணந்தான் பிற்பாடு 2.8 மீட்டர் ஆயிற்று.

பொருத்தம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1986 ஜனவரி 28-ந் தேதி அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-ஆவது விநாடியில் சிதறி, ஏழு பேர் மாண்டார்கள். பக்கத்தில் பொருத்திய ராக்கெட் குழாயின் துண்டுகள் சேருகிற மூட்டில் ஒரு ரப்பர் வளையம். அன்று காலைக் குளிரில் அது விறைத்துவிட்டது. மூட்டு இம்மியளவு விலகியபோது கூடவே விரிந்து அடைத்துக்கொள்ளவில்லை. விசாரணையின்போது ஃபெயின்மன் என்ற விஞ்ஞானி அந்த ரப்பரைக் கிடுக்கியில் இறுக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது உடனே பழைய உருவத்துக்குத் திரும்பவில்லை என்று எல்லோருக்கும் முன்னால் காட்டினார். ஜனங்களின் பணத்தில் நடக்கிற காரியத்துக்கு ஜனங்களுக்கு முன்னால் கணக்குச் சொல்வது என்றால் அதுதான்.

நன்றாகப் பொருந்திய குழாய்க்கும் ஒரு கதை இருக்கிறது. 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் இறங்கிய வண்டியின் ஒவ்வொரு காலும் குழாய்க்குள் குழாய்தான். உள்ளே தேன்கூடு போன்ற அலுமினியம். அதிர்ச்சியில் அது நசுங்கிக் குழாய் உள்ளே அமிழவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் வண்டி பூப்போல இறங்கிவிட்டதால் கால்கள் அநேகமாக அமிழவே இல்லை; ஏணியின் கடைசிப் படிக்கும் கீழேயுள்ள பாதத்துக்கும் நடுவே மூன்றடி நின்றுவிட்டது; மனிதர் குதிக்க வேண்டியதாயிற்று. 2023 ஆகஸ்ட் 23-ந் தேதி நம் விக்ரம் இறங்கியபோதும் அதன் கால்களில் அதே தேன்கூட்டு அலுமினியந்தான். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் எங்களுக்கு அடுத்த விழுப்புரத்துக்காரர் என்பதில் எங்கள் பக்கத்தில் ரொம்பப் பேருக்குப் பெருமை.

சரி, மொத்தச் செலவு எவ்வளவு? 2024-25 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 13,000 கோடி ரூபாய். கேட்கத் தலை சுற்றும். ஆனால் மொத்த பட்ஜெட் 48 லட்சம் கோடி. ஆக, சர்க்கார் செலவழிக்கிற நூறு ரூபாயில் இது 27 காசு. 140 கோடி ஜனங்களுக்கும் பங்கு போட்டால் தலைக்கு வருஷத்துக்குச் சுமார் 93 ரூபாய். அமெரிக்கா சந்திரனுக்குப் போக முனைந்திருந்த 1966-இல் அந்நாட்டுச் சர்க்கார் நூறு டாலரில் நான்கு டாலருக்கு மேல் இதற்கென்றே செலவழித்தது. அதைப் பார்க்க நம்முடையது சிக்கனமான குடித்தனந்தான்.

ஆனால் 93 ரூபாய் சின்னத் தொகை என்பது ஆயாவுக்குப் பதில் ஆகாது. தொண்ணூற்று மூன்று ரூபாய்க்கு என்ன கிடைத்தது என்றல்லவா அவள் கேட்கிறாள்? அவளுக்குக் கிடைத்ததும் உண்டு.

1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு மூழ்கியது. அன்று புயலை மேலிருந்து பார்க்க நமக்குக் கண் இல்லை. 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி என்ற நம் செயற்கைக்கோள் மேலே போயிற்று. பிற்பாடு சிதறியதே, அதே சாலஞ்சர்தான் அதைச் சுமந்துகொண்டு போனது. அது மேகங்களைப் படம் பிடித்து அனுப்பியது. அதன் வழியாகவே கடலோர ஊர்களுக்கு நேரே புயல் எச்சரிக்கை ஒலிபரப்பும் ஏற்பாட்டையும், ஆந்திராவின் தென் கரையிலும் தமிழ்நாட்டின் வட கரையிலும் முதலில் செய்தார்கள். 2011 டிசம்பர் 30-ந் தேதி காலை தானே புயல் எங்கள் மாவட்டத்தின்மேல் ஏறியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஆனால் கடலுக்குப் போகாதே என்ற சொல் முன்பே வந்துவிட்டது. ஆயாவின் பிள்ளைகள் அன்று கரையில் இருந்தார்கள்.

அதற்காக ஆகாயத்தில் கண் வைத்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபரில் அங்கே பெரும் புயல் அடித்தது. அப்போதும் மேலே நம் செயற்கைக்கோள் இருந்தது; புயல் வருவது தெரிந்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013 அக்டோபரில் அதே கரையில் பாய்லின் என்ற கடும் புயல். இறந்தவர் ஐம்பதுக்கும் குறைவு. மேலேயிருந்த கண் கொஞ்சம் கூர்மையாகியிருந்தது என்பது உண்மை. ஆனால் பெரிய மாறுதல் கீழேதான். நடுவில் பதினான்கு வருஷத்தில் கடலோரத்தில் புயல் காப்பகங்கள் கட்டினார்கள். யார் யாரை எங்கே அழைத்துப் போவது என்று ஊர் ஊராக ஒத்திகை பார்த்தார்கள். புயலுக்கு முன்னால் பத்து லட்சம் பேருக்குமேல் வெளியேற்றினார்கள். செயற்கைக்கோளிலிருந்து வானிலை ஆபீஸ், அங்கிருந்து கலெக்டர், தாசில்தார், கிராமத்தின் ஒலிபெருக்கி, கடைசியில் ஒரு குடிசையின் கதவைத் தட்டுகிற கை. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போகிற குழாய்கள்தாம். 1999-இல் முதல் குழாய் இருந்தது. கடைசிக் குழாய் பொருந்தவில்லை.

2004 டிசம்பர் 26-ந் தேதி கடல் வந்தபோது எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ அறுநூறு உயிர் போயிற்று. அன்று முதல் குழாயே இல்லை. 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. கடலில் மிதக்கிற கருவிகள் செயற்கைக்கோள் மூலம் அதற்குச் சேதி சொல்கின்றன. அந்தச் சேதி குடிகாட்டின் கடைசி வீட்டுக்கு எத்தனை நிமிஷத்தில் வந்து சேரும் என்பதுதான் இனி நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கேள்வி.

ஆகவே ராக்கெட்டுப் பணத்தை நிறுத்திக் கிணற்றுக்குக் கொடு என்று நான் சொல்லமாட்டேன். கிணற்றைப் பார்க்க ஆகிற பணம் அதற்கு முன் ஒரு தூசி. ராக்கெட்டை நிறுத்தினாலும் அது தானாகக் கிணற்றுக்கு வந்துவிடாது. நான் கேட்பது வேறு. மயிரிழை இடைவெளியை அளந்து சந்திரன்வரையில் குழாயைப் பொருத்தத் தெரிந்த சர்க்காரிடம், அந்த அளவுகோலைத் தெருமுனைவரை கொண்டுவா என்று கேட்க ஆயாவுக்கு உரிமை இருக்கிறது. அந்த அளவுகோலை வாங்கியதே அவளுடைய 93 ரூபாயும் சேர்ந்துதான். அவள் வாங்குகிற சோப்பிலும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பையன் ஒரு சீசாவைக் கழுவி, ஆயாவின் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்தான். மறுநாள் நானும் அவனும் கடலூருக்குப் போய்ப் பரிசோதனைச் சாலையில் பணம் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம். ஒரு வாரம் கழித்துச் சீட்டு வந்தது, வரிசையாக எண்கள். கரைந்திருக்கிற உப்புக்களின் மொத்தம் லிட்டருக்கு 1,640 மில்லிகிராம் என்று இருந்தது. எதிரே இரண்டு எண்கள் அச்சிட்டிருந்தார்கள். நம் தேசத்துக் குடிநீர்த் தரத்தின்படி 500 வரை இருந்தால் நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை போகலாம்.

சீட்டை எடுத்துக்கொண்டு ஆயாவிடம் போனோம். பையன் எண்களைப் படித்தான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குடிக்கலாமா, கூடாதா? அதச் சொல்லு" என்றாள்.

"வேற தண்ணி இல்லன்னா குடிக்கலாம்னு போட்டிருக்கு ஆயா."

"வேற தண்ணி இருக்குதா?" என்றாள் அவள்.

இந்தக் கேள்விக்கு எந்தப் பரிசோதனைச் சாலையாலும் விடை எழுத முடியாது. எதுவரையில் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை விஞ்ஞானம் சொல்லிவிட்டது. யார் பொறுத்துக்கொள்வது என்பதை நாம்தான் தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம். பையன் சீட்டின் பின்புறத்தில், பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுத ஆரம்பித்தான். குடிநீர்க் குழாயை இந்தத் தெருவரைக்கும் நீட்டவேண்டும் என்று. எத்தனை மீட்டர் குழாய் வேண்டும் என்பதைத் தானே அடியெடுத்து வைத்து அளந்து, அதையும் மனுவில் சேர்த்தான். எண்பத்திரண்டு மீட்டர்.